கிராஃபிக்ஸ் கார்டு வளர்ப்பவர்

வடசென்னையில் புறா வளர்ப்பவர்கள் உண்டு. கலர் மீன் வளர்ப்பவர்கள் உண்டு. கட்டிலுக்கடியில் சண்டைச் சேவல் வளர்த்துக்கொண்டு, யாராவது கேட்டால் அது குழம்புக்கு என்று சாதிப்பவர்களும் உண்டு. இந்த வரிசையில் அண்மையில் ஓர் இனம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு வளர்ப்பவர்.

கார்டு என்றதும் ரேஷன் கார்டு என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் செருகுகிற, இரண்டோ மூன்றோ விசிறி வைத்த, செங்கல் பருமனுள்ள சாமான் இது. திரையில் பாய்கிற காரும் வெடிக்கிற குண்டும் நிஜம்போலத் தெரிவது இதன் தயவால்தான். கேம் ஆடுவதற்காகச் செய்யப்பட்டது. அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. நம் ஆள் அதை ஆடுவதற்கா வாங்குகிறார்? வளர்ப்பதற்கு வாங்குகிறார்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். எதிரே வந்தால் மற்றவர்கள் “சாப்ட்டியா?” என்பார்கள், இவர் “டெம்பரேச்சர் எவ்ளோ?” என்பார். உங்களுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது என்று பதற வேண்டாம். உங்கள் வீட்டுக் கார்டின் சூட்டைத்தான் விசாரிக்கிறார். அறுபத்தைந்து என்றால் முகம் மலரும். எண்பது என்றால் சாவு வீட்டுக்கு வந்தவர்போல உங்கள் தோளில் கைவைத்து நிற்பார். தெரியாது என்றீர்களோ, அன்றோடு உங்கள் சகவாசம் முடிந்தது.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஆளே நான்தான், ஐயா. பெயர் அலெக்ஸாண்டர். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பு மெக்கானிக். திருவொற்றியூரில் வீடு, ஹால் மூலையில் கார்டு, பிறகு மனைவி ஜானட். இந்த வரிசை சரிதானா என்று ஜானட் ஒருமுறை கேட்டாள். நான் அப்போது விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

கார்டை வாங்கியது நெல்சனுக்காக. இதை எழுதவே கை கூசுகிறது. ராயபுரத்தில் நானும் அவனும் ஒரே தெரு, ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கல்மண்டபம் பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு ஓடி, ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, ஒரே கீபோர்டில் நாலு கையால் ஆடிய ஜோடி. இப்போது அவன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. முந்தின லீவு முடிந்து கிளம்பும்போது சொன்னான்: “மாமு, அடுத்த லீவுக்கு நான் வரசொல்லோ ஒரு நல்ல கம்ப்யூட்டரு ரெடி பண்ணி வையி. பழைய மாதிரி குந்திகினு ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போவணும். ஒரே ஒரு ஆட்டம்.”

ஒரே ஒரு ஆட்டம். அவன் மறுபடி லீவில் வந்திறங்கிய பிறகும், அதற்கு எனக்கு இரண்டு மாதம் போதவில்லை.

முதல் ஐந்து வாரம் தேர்வுக்கே போனது. எட்டு ஜிபியா பன்னிரண்டா, இரண்டு விசிறியா மூன்றா, எங்கள் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் நீளம் அடங்குமா, அடங்கினாலும் காற்றோடுமா, இன்று வாங்கினால் அடுத்த மாதம் வருகிற புதுசைப் பார்த்து வயிறு எரியுமா என்று நாற்பது வீடியோ பார்த்து, நாற்பதிலும் கீழே கமெண்ட்டில் போய் ஆளுக்கொரு சண்டையும் போட்டேன். நெல்சனையும் இழுத்துக்கொண்டு நாலு முறை, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே பழைய கார்டு ஒன்றை மூக்கருகே வைத்து முகர்ந்து, “இது ராப்பகலா ஓடித் தேஞ்ச கார்டு” என்று தீர்ப்புச் சொன்னேன். அன்று எனக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. அது வேறு விஷயம்.

கடைக்கார எத்திராஜ் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அதெல்லாம் சரி சார், நீங்க இன்னா கேம் ஆடுவீங்க?”

அதைப் பற்றி எந்த வீடியோவிலும் சொல்லவில்லையே!

பின்னாலிருந்து நெல்சன்தான் சொன்னான்: “அண்ணே, எத்தக் குடுத்தாலும் சரிண்ணே. பத்தொம்பதாம் தேதி நான் கெளம்பணும்.”

ஒருவழியாகக் கார்டு வீட்டுக்கு வந்தது. இனி ஆட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஊர்க் காற்றை நீங்கள் சுவாசித்ததில்லை. கடல் பக்கமிருந்து அடித்தால் உப்பு, மணலிப் பக்கமிருந்து அடித்தால் ரிஃபைனரி வாசனை, எதுவும் அடிக்காவிட்டால் நெடுஞ்சாலையில் போகிற கன்டெய்னர் லாரிகளின் புழுதி. ஆகவே ஜன்னலுக்குத் துணி கட்டினேன். கேபினெட்டுக்குக் கொசுவலை கட்டினேன். காலையில் பிரஷ், மாலையில் புளோயர், நடுவில் டார்ச் அடித்து ஒரு பார்வை. ஹாலில் இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பி வைத்தேன்.

“கட்ன பொண்டாட்டி இங்க வேர்த்து ஊத்திகினு கீறேன், ஃபேனு அந்த டப்பாவப் பாத்து சுத்திகினு கீது! நல்லா கீதுய்யா உன் நாயம்!” என்றாள் ஜானட்.

நெல்சன் தினமும் மாலை வந்தான். வந்தால், கார்டு தாங்குகிறதா என்று பார்க்கிற சோதனையை ஓடவிட்டு, இருவரும் உட்கார்ந்து திரையோரத்தில் ஏறி இறங்குகிற எண்ணைப் பார்ப்போம். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. மறுபடி எழுபத்தொன்று. “ஆட்டம் எப்ப மாமு?” என்பான். “நாளைக்கு” என்பேன்.

பதினெட்டாம் தேதி எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்க வேண்டாம். கடலோரத்தில் கிரேன் பராமரிப்பவனுக்கு முதல் பாடம் என்ன தெரியுமா? இரும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, அதன் மேல் கிரீஸ்தான் தெரிய வேண்டும். இருபது வருடமாக வடத்துக்கும் பல்சக்கரத்துக்கும் கிரீஸ் பூசிய கை சும்மா இருக்குமா? கார்டைக் கழற்றித் துடைக்கையில், அடியில் உள்ளே செருகுகிற இடத்தில் தங்க நிறத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டைகள் தெரிந்தன. ஐயோ, இந்த உப்புக் காற்றில் இதெல்லாம் என்னத்துக்காகும்? பூசினேன். தாராளமாகவே பூசினேன்.

பத்தொன்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, நெல்சன் பெட்டியோடு வந்துவிட்டான். ஏழு மணிக்கு ஏர்போர்ட் டாக்சி எங்கள் வாசலுக்கே வரும். கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒயரைத் திட்டினேன். மானிட்டரைத் திட்டினேன். எத்திராஜைத் திட்டினேன். கார்டு செய்த தொழிற்சாலையையும் அங்கே வேலை செய்த முகம் தெரியாத மனிதர்களையும் திட்டினேன். இப்படி ஒரு மணி நேரம் போனது. தேரடி பக்கம் செல்போன் சர்வீஸ் கடையில் நாலு வருடம் வேலை பார்த்த ஜானட், அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்னை ஒதுக்கிவிட்டுக் கார்டை வெளியே எடுத்தாள். விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“யோவ், இன்னாய்யா இது?”

“கிரீஸ்.”

“இன்னாத்துக்கு?”

“துரு புடிக்காம இருக்க.”

நெல்சன் பெட்டி மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஜானட் சிரிக்கவில்லை. “பாவம்யா அவன், ரெண்டு மாசமா நாயா அலஞ்சிகினு கீறான்” என்று சொல்லிக்கொண்டே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பென்சில் ரப்பரால் அந்தப் பட்டைகளைத் தேய்த்து, திரும்பச் செருகினாள். திரை பளிச்சென்று வந்தது. மணி ஆறு இருபத்தைந்து. கையில் முழுதாக முப்பத்தைந்து நிமிடம்!

ஒரே நாற்காலியை இழுத்தான் நெல்சன். ஆளுக்குப் பாதி. இரண்டு பேருக்கும் இப்போது தொப்பை, பாதி போதவில்லை. ஆனாலும் உட்கார்ந்தோம். நாலு கையும் கீபோர்டில். ஆட்டத்தின் பாட்டு ஆரம்பித்தபோது எனக்குப் பதினாறு வயதாகிவிட்டது, சத்தியமாக. அந்த நேரத்தில்தான் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எட்டிப் பார்த்தது: உங்கள் கார்டுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, வேகம் நாலு சதவீதம் கூடும்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நெல்சனுக்கும் தெரியும். “வாணாம் மாமு” என்றான். நான் அழுத்திவிட்டேன். ஆட்டம் மூடிக்கொண்டு, அப்டேட் ஆமை வேகத்தில் இறங்க ஆரம்பித்தது.

ஐம்பத்தாறு சதவீதத்தில் டாக்சி ஹாரன் அடித்தது.

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவன் என் முதுகில் தட்டி, “அடுத்த லீவுல பாத்துக்கலாம் மாமு. அதுக்குள்ள ஏறிடும்ல?” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். டாக்சி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. வெகுநேரம் கழித்து உள்ளே வந்து பார்த்தேன். நூறு சதவீதம் முடிந்திருந்தது. கார்டின் சூடு நாற்பத்தொன்று. அவ்வளவு அருமையான சூட்டை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

ஒரு மாதம் கழித்து நெல்சனின் குரல் வந்தது, வாட்ஸாப்பில். கப்பலில் சமையல்காரரிடம் ஓர் ஓட்டை லேப்டாப்பாம். தனியாகக் கார்டே கிடையாதாம், கீபோர்டில் இரண்டு பட்டன் இல்லையாம். “படம் கலீஜாத்தான் தெரியுது மாமு, ஆனா மூணு மணி நேரம் வுடாம ஆடுனோம். செம ஆட்டம்! நீ இல்லாத கொறதான்.”

“நல்லதா நாலு வார்த்த போட்டு அனுப்புய்யா” என்றாள் ஜானட். நெகிழ்ந்துபோய் உட்கார்ந்து, வெகுநேரம் யோசித்து, அடித்து அனுப்பினேன்: “டெம்பரேச்சர் எவ்ளோ?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்தப் பீங்கான் தட்டுகளை விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று பீரோவில் பூட்டினீர்களே, அவை இதுவரை எத்தனை விருந்தாளியைப் பார்த்திருக்கின்றன? சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியாயிற்றா? உங்களிடமும் யாராவது ஒரே ஒரு ஆட்டம் கேட்டு, பாதி நாற்காலியில் காத்திருக்கிறார்களா? எழுந்து போய்ப் பாருங்கள். போகும் முன், படித்த இடம் தெரிய இந்தப் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துவிட்டுப் போங்கள்.

மடிக்க மனசு வரவில்லையா? புத்தகம் கெட்டுவிடுமா?

வாங்க, உட்காருங்க. உங்களுது எவ்ளோ டெம்பரேச்சரு?