கோட்டைக் கச்சேரியும் ஒரு பஸ்ஸும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவைக் கைப்பிடித்த நாள் முதல் உன் நலத்தையே நாடும் அத்தான் எழுதுவது. இங்கு யாவரும் சௌக்கியம். என் மானம் ஒன்றுதான் போய்விட்டது. உன் மகள் ஆசைப்பட்டுக் கேட்ட என் வயலினை வரும் ஞாயிறு நீயே வந்து எடுத்துப் போகலாம், வில்லும் பெட்டியும் சேர்த்தே.

காரணம் கேள். போன ஞாயிறு எங்கள் இசைக்குழு பழைய கோட்டையில் கச்சேரி செய்தது. கிளம்பும்போது உன் அக்கா, "இன்னிக்கு நாலு பேர் சிரிச்சாங்கன்னா இந்த வயலின் வீட்டுக்குள்ள வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். நானும் ரோஷத்தில் சரி என்று சொல்லித் தொலைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான் என்று அப்போது உறைக்கவில்லை.

எங்கள் குழு உனக்குத் தெரியும்: அச்சகக்காரர் புல்லாங்குழல், பல் டாக்டர் ஆர்மோனியம், நான் வயலின். ஒத்திகையெல்லாம் அச்சகத்து மாடியில்தான். கீழே மெஷின் தடக் தடக் என்று ஓட, மேலே தரை அதிர, நாங்கள் பாட்டுக்கு வாசிப்போம். மேளக்காரர் மாற்றலாகிப் போன பிறகு வேறு ஆள் வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. ஏன் தோன்றவில்லை என்பது கோட்டைக்குப் போனபின்தான் புரிந்தது. அந்தப் பெரிய முற்றத்தில் ஈ பறந்தால் கேட்கும் அமைதி. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். தரையோ அசையவே இல்லை; தாளத்துக்கு எங்கே போவது? குழல் நாய் துரத்தியது போல ஓடுகிறது, ஆர்மோனியம் உண்ட களைப்பில் நடக்கிறது, நான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் கூப்பிடுகிறேன். "என்ன டாக்டர், தூங்கறீங்களா?" என்றார் அச்சகக்காரர். "நீங்க ஏன்யா பறக்கறீங்க?" என்றார் டாக்டர். இரண்டும் மைக்கில் கணீரென்று கேட்டன.

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம், எங்களையும் வீட்டுக்காரிகளையும் ஏற்றி வந்த வாடகை ஓட்டை பஸ்ஸை டிரைவர் ஸ்டார்ட் செய்தாரே பார்க்கணும்! தடக் தடக் தடக். எங்கள் மூவர் முகமும் மலர்ந்தது, பாட்டு ஒன்றுகூடியது, ஜனங்கள் கைதட்டினார்கள், எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. ஆனால் கொடுத்து வைத்தது அவ்வளவுதான். "இங்க வண்டி நிறுத்தக் கூடாது, எடு, எடு" என்று காவலாளி விரட்ட, டிரைவர் ஒரு மிதி மிதித்தார். நாங்களும் வாசிப்பில் ஓடினோம். கியர் மாற மாற மூச்சு வாங்க வாசித்தோம். பஸ் வாசலைத் தாண்டிப் போனதும் குழலும் ஆர்மோனியமும் வெட்டினாற்போல நின்றுவிட்டன. நான் கண்ணை மூடி வாசிப்பவன் ஆயிற்றே! எனக்கு எதுவும் தெரியாது. தன்னந்தனியாக உருகிக்கொண்டிருந்தேன். டாக்டர் தொடையில் கிள்ளியபோது கண் திறந்தால், நாலு பேரா, கோட்டையே சிரிக்கிறது. திரும்பி வரும் வழியெல்லாம் உன் அக்கா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அதற்கு மேல் எனக்குத் தீர்ப்பு வேண்டுமா? சொன்ன சொல் சொன்னதுதான். உன் மகளாவது மெஷின் இல்லாத வீட்டில் கற்றுக்கொள்ளட்டும்.

குழந்தைக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. இதைப் படித்துவிட்டு நீ சிரித்தால் அதையும் தாங்கிக்கொள்ளும்

உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அக்கா வந்து விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"வயலினைக் கொடுக்கச் சொல்லி யார் சொன்னா?"

"நீதானே. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டியே."

"பஸ் போனப்புறம் நீங்க தனியா வாசிச்சீங்களே, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதை உங்ககிட்ட காட்டுவாங்களா?" என்றாள்.

ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை வராதே. உன் மகளுக்கு வேறு வயலின் பார்க்கலாம். மீறி வந்தால் சாப்பாடும் சந்தேகம்தான். உன் அக்கா நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.