பேக்கிங் சாரும் சண்முகத்தாயின் மூலப்பத்திரமும்

கவலைப்படுவதில் பேக்கிங் சாரை மிஞ்சிய மனிதர் அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் நடுவில் இதுவரை பிறந்ததில்லை. மழை பெய்யாவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும்தான் கவலைப்படுவார்கள். இவர் மழை பெய்துகொண்டிருக்கும்போது, நின்றுவிடுமோ என்று கவலைப்படுவார். நின்றதும், இவ்வளவு சீக்கிரம் ஏன் நின்றது என்று ஆரம்பிப்பார். பெயரைக் கேட்டால்கூட, "எதுக்குக் கேக்குறீக?" என்று முகம் வெளுத்த பிறகுதான் பதில் வரும்.

திருச்சுழியில் அவருக்குப் பத்திரம் எழுதும் தொழில். நான் அவரிடம் டைப்பிஸ்ட். அருப்புக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் போய், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். எங்கள் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு கறுப்புக் கார். எங்கள் இரண்டு பேரின் வயதையும் கூட்டினால் அதன் வயது வரும். ஏதோ ஒரு ரைஸ் மில்லின் மூலையில் கிடந்ததாம். அவர் போய்ப் பார்த்தபோது பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததாம். குஞ்சு பொரிக்கும் வரை காத்திருந்து வாங்கி வந்ததாகச் சொல்வார்.

நான்கு வருஷமாக அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெயின்ட் முடிந்தது, சீட் முடிந்தது, பிரேக் முடிந்தது. முடியாதது பேக்கிங் மட்டும்தான். இன்ஜினில் இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் எண்ணெயோ தண்ணீரோ கசியாமல் இருக்க, நடுவில் தாளை வெட்டி வைத்து முடுக்குவார்கள். அந்தத் தாளைத்தான் மெக்கானிக்குகள் பேக்கிங் என்பார்கள். அந்தக் காருக்கு ரெடிமேடாக எங்கும் கிடைக்கவில்லை. கையால்தான் வெட்ட வேண்டும். அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார்; பெயரும் வாங்கிக்கொண்டார்.

"இரும்பு கெட்டா சத்தம் போடும் டைப்பிஸ்ட்டம்மா. தாளு சத்தமே போடாது. கமுக்கமா ஒழுகும்" என்பார், ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

மதுரைக்குப் போய் நான்கு தடிமனில் பேக்கிங் தாள் வாங்கி வந்தார். நான்கின் மேலும் அவருக்குச் சந்தேகம். மெல்லிசாக வைத்தால் கசியும். தடிமனாக வைத்தால் போல்ட்டை முடுக்க முடுக்கப் பிதுங்கும். பசை தடவாவிட்டால் ஒழுகும். கூடத் தடவினால் பிதுங்கிய பசை உள்ளே போய் எண்ணெய் ஓடும் வழியை அடைத்துக்கொள்ளும். "கம்மியாவும் இல்லாம கூடவும் இல்லாம தடவுங்கிறான். அது எவ்வளவுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான்" என்று, எதிரில் கிரயப்பத்திரம் எழுத வந்து உட்கார்ந்திருப்பவரிடம் முறையிடுவார். வந்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டுவார்.

சந்தேகம் தீர, ஆபீஸ் ஜன்னலில் மூன்று டம்ளர் வைத்தார். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் பெட்ரோல், ஒன்றில் இன்ஜின் ஆயில். மூன்றிலும் தாள் துண்டுகள் ஊறும். தினமும் எடுத்து, ஊதி, விரலில் உருட்டிப் பார்ப்பார். ஒருநாள் வீரசோழனிலிருந்து வந்த ஜவுளிக்கடை பாய், வெயிலில் வந்த களைப்பில், ஆயில் டம்ளரைக் கடுங்காப்பி என்று நினைத்து வாய்வரை கொண்டுபோய்விட்டார். பேக்கிங் சார் பாய்ந்து கையைப் பிடித்தார்.

"பாய்! குடிச்சிராதீக! ஏழு நாளா ஊறுது, இன்னும் மூணு நாளு பாக்கணும்!"

பாய் பயந்துபோய் டம்ளரை வைத்தார். தாளைப் பற்றிய கவலைதான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

அந்தப் பரிசோதனையின் முடிவு வினையாக வந்து விடிந்தது. மதுரைத் தாள்கள் நான்கும் தோற்று, நாங்கள் பத்திரம் அச்சடிக்கும் கெட்டித் தாள் ஜெயித்தது. அன்றிலிருந்து நான் பிழையாக அச்சடித்து ஒதுக்கும் தாள் ஒவ்வொன்றும் கொட்டகைக்குப் போயிற்று. என் பிழைகளைப் பார்த்து ஒருவர் சந்தோஷப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

அப்போதுதான் நரிக்குடிப் பக்கத்திலிருந்து சண்முகத்தாயக்கா வந்தார். கண்மாய்ப் பாசனத்தில் இருந்த தன் வயலை மகள் பேருக்குத் தானமாக எழுத வேண்டும். மகளுக்குத் திருப்பூரில் வேலை; இரண்டே நாள் லீவு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பதிவுக்கு டோக்கன் போட்டிருந்தோம். அக்கா தன் தாத்தா காலத்து மூலப்பத்திரத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பேக்கிங் சார் அதை வாசிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார்.

"அடடா, என்னா தாளு! வாட்டர் பம்புக்கு வச்சா நச்சுன்னு உக்காரும்" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, சிரித்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. மூலப்பத்திரத்தைக் காணவில்லை.

மேசை, அலமாரி, குப்பைக்கூடை, எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தோம். அசல் மூலப்பத்திரம் இல்லாமல் பதிய மாட்டார்கள். தொலைந்தது என்றால் போலீஸில் எழுதிக் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, மாதக்கணக்கில் அலைய வேண்டும். பேக்கிங் சார் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"டைப்பிஸ்ட்டம்மா, நேத்து மேசைல கெடந்த தாள எடுத்துத்தான் பேக்கிங் வெட்டினேன். ஏழு பேக்கிங்கும் நேத்துதான் மாட்டினேன்."

"பிழைத் தாள்தான சார் எடுத்தீக?"

"பிழைத் தாளுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழைத் தாளுதானா?"

அவருக்கு எதையும் மறைக்க வராது. மூன்று மணிக்கு அக்காவும் மகளும் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்.

"அக்கா, ஒங்க பத்திரம் காருக்குள்ள இருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

"கார்லயா வச்சீக? அப்ப எடுத்தாங்க. டிக்கியிலயா?"

"இல்லக்கா. இன்ஜின்ல."

நால்வரும் கொட்டகைக்குப் போனோம். அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு பனியனோடு இறங்கினார். அன்று காலையில்தான் இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டு, கீழே வெள்ளைத் துணி விரித்துப் பார்த்திருந்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை. "ஏழும் அச்சடிச்ச மாதிரி உக்காந்திருச்சு! ஞாயித்துக்கிழமை வண்டிய வெளிய எடுக்குறேன்" என்று என்னிடம் வந்து சொன்னார். நான்கு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்று காலையில்தான். ஒருமுறை பிரித்த தாள் பேக்கிங் மறுபடி ஆகாது. இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிழிந்துதான் வரும். அது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஸ்பேனரை எடுத்தார்.

முதலில் வாட்டர் பம்ப். தண்ணீரை வடித்து, போல்ட்டுகளைக் கழற்றி, ஒட்டியிருந்த தாளைப் பிளேடால் இரும்பில் கீறல் விழாமல் உரித்தார். பசைக்கு நடுவில் ஒரு எழுத்து தெரிந்தது.

"'பு'ன்னு இருக்கே! எங்க தாத்தா பேரு புலியப்பன்!" என்று அக்கா நெஞ்சில் கைவைத்தார்.

நான் குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் எழுத்து. அக்காவின் பத்திரம் மையில் எழுதியது. மூச்சு வந்தது. அடுத்தது முன்பக்கத்து மூடி. அதில் மையால் எழுதிய எழுத்தே இருந்தது! அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். பேக்கிங் சார் கண்ணாடியை மூக்கில் இறக்கி, வெகுநேரம் பார்த்து, "இது என் எழுத்து. நான் திருத்திப் போட்ட தாளு" என்றார். அப்படியும் அக்கா நம்பவில்லை. அவர் மூன்றாவதைக் கழற்றினார், நான்காவதைக் கழற்றினார். வடிந்த எண்ணெய் தரையில் ஓடி என் செருப்பைத் தொட்டது. ஆறாவதும் பிரிந்தது.

அப்போது மகள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, நாளைக்கு ஆதார் ஜெராக்ஸ் எத்தனை வேணும்? இப்பவே எடுத்துட்டு வந்துரட்டா?"

ஜெராக்ஸ்.

புதன்கிழமை சாயங்காலம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில், மூலப்பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்தவள் நான்தான். நகல்களை வாங்கிக்கொண்டு ஓடினேன். அசலை?

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஜெராக்ஸ் கடைப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "மிசினுக்குள்ளயே விட்டுட்டுப் போயிட்டீகளேக்கா! ஒங்க நம்பரும் இல்ல. எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன்" என்று கடைப் பெயர் போட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது பேக்கிங் சார் ஏழாவதையும் பிரித்து முடித்திருந்தார். நான்கு வருஷம் தரையில் கிழிந்து கிடந்தது. நான் கவரோடு வாசலில் நின்றேன்.

"கெடச்சிருச்சா! எங்க இருந்துச்சு?" என்று அக்கா கத்தினார்.

பேக்கிங் சார் என் முகத்தைப் பார்த்தார். கவரைப் பார்த்தார்.

"என் டிராயர்ல இருந்திருக்கும். நாந்தான் வச்சேன். மறந்துட்டேன்க்கா" என்றார்.

அதன்பிறகு சண்முகத்தாயக்கா திட்டிய திட்டை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அரை மணி நேரம் நின்று திட்டினார். பேக்கிங் சார் எண்ணெய்க் கைகளைத் தொங்கவிட்டபடி, "ஆமக்கா, தப்புத்தான்க்கா" என்று நின்றார். நான் ஏதோ சொல்லப் போனேன். "டைப்பிஸ்ட்டம்மா, அக்காவுக்கு ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பதிவு நல்லபடியாக முடிந்தது. கார் வெளியே வர இன்னும் மூன்று மாதம் ஆயிற்று. சண்முகத்தாயக்கா, இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: டிராயரில் இல்லை. நான்தான் தொலைத்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்குப் புறப்படும் முன் கொட்டகைக்குப் போனேன். "சார், ஏழையும் பிரிச்சிட்டீகளே" என்றேன்.

"அட, அதுல என்ன? எப்படியும் பிரிக்கணும்னுதான் இருந்தேன். ஒண்ணுகூடச் சரியா உக்காரல" என்றார்.

எதைக் கேட்டாலும் இரண்டு முறை யோசிக்கும் மனிதர், அந்தப் பொய்யை மட்டும் ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னார்.