மௌன ஜெபத்தில் இரைந்த கிட்டார்

அன்புள்ள ஜெஃப்ரி அண்ணாவுக்கு,

தாம்பரத்திலிருந்து தங்கை சுஜி எழுதுவது. ஊரே தூங்கும் நேரத்தில் மெயில் அனுப்புவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். வீடு அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. வாய்ஸ் நோட் போடலாமென்றால் பாப்பா விழித்துக்கொள்வாள். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். அந்த வெயிலுக்கு மோராவது குடிக்கிறீர்களா?

விஷயம் உங்கள் கிட்டாரைப் பற்றியது. பதற வேண்டாம், உடையவில்லை. நீங்கள் எங்களிடம் விட்டுப்போன நாளிலிருந்து உங்கள் மாப்பிள்ளைதான் அதைச் சேலையூரில் எங்கள் சபையின் கொயரில் வாசித்து வருகிறார். வாசிக்கும்போது ஒரு குறையும் இல்லை, வாசிக்காதபோதுதான் வினை. ஆயர் மௌனமாய் ஜெபிக்கச் சொல்லி, சபை முழுவதும் தலை குனிந்ததும், ஸ்பீக்கரிலிருந்து ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல், மழையில் டிரான்ஸ்ஃபார்மர் இரையுமே, அந்த மாதிரி. கம்பிமேல் கை வைத்தால் அடங்கும், கையை எடுத்தால் திரும்ப ஆரம்பிக்கும், நம்ம பாப்பாவேதான். கொயரை நடத்தும் சரோஜினி அக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும், "ஜெபசீலன் தம்பி, நாங்கல்லாம் மனசுக்குள்ள ஜெபம் பண்றோம், உன் கிட்டாரு மட்டும் வாய்விட்டுப் பண்ணுது" என்று சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் இவர் மட்டன் குழம்பைத் தொடவில்லை. கம்பியின் ஒலியைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் அந்தப் பிக்கப்பை மாற்றலாமா என்று உங்களிடம் போனில் கேட்டோமே, அது இதனால்தான்.

அண்ணா, அந்தப் பிக்கப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. கம்பிகளுக்கு அடியில் வெள்ளையாக மூன்று கட்டைகள் இருக்கின்றனவே, அதற்குள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றிப் பாப்பாவின் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. கிட்டார்க் கம்பியை அது தொடுவதேயில்லை. மேலே கம்பி நடுங்குகிறது, கீழே இது அந்த நடுக்கத்தை அறிந்து மின்சாரமாக்கி அனுப்புகிறது. நான் பி.எஸ்சி. இயற்பியல், இதே காந்தத்தையும் சுருளையும் பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தவள், ஆனால் இது பாட்டு கேட்கும் என்று எங்கள் காலேஜில் ஒருவரும் மூச்சு விடவில்லை. பாவம், அந்தக் காதுக்குப் பாட்டு எது, கரண்ட் எது என்று பேதம் தெரியாது. டியூப்லைட், ஃப்ரிட்ஜ், சுவருக்குள் ஓடும் வயர் எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறது, அதுதான் இரைச்சல். அதற்கு மருந்தாக யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஒழிந்துபோக, பாட்டு மட்டும் தங்குகிறது. எங்கள் வீட்டில் இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் இரைச்சல் மட்டும்தான் தங்குகிறது.

ஆனால் எந்த இரட்டைச் சுருள் என்று முடிவு செய்வதற்குள், இவர் என்னைப் பெண் பார்த்தது தேவலை என்றாகிவிட்டது. ஹெட்போனை என் காதில் மாட்டி, இது வெதுவெதுப்பா இருக்கு, இது பளிச்சுனு இருக்கு, எது வேணும் சொல்லு என்பார். எனக்கு இரண்டும் டொய்ங் என்றுதான் கேட்டது. மேற்குத் தாம்பரத்தில் கிட்டார் பழுது பார்க்கும் பர்வேஸ் பாயிடம் போனால் அவர் சமையல் பாஷை பேசுகிறார். "சார், இது நெய்ல தாளிச்ச மாதிரி உருண்டு வரும். அது கடலெண்ணெய், சுர்ருனு ஏறும். சர்ச்சுக்குன்னா நெய்யே போட்டுக்குங்க." நெய்யே போட்டோம்.

அடுத்த ஞாயிறு மௌன ஜெபத்தில், அப்படி ஒரு அமைதியை அந்த ஆலயத்தில் நான் கேட்டதேயில்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது, ரோட்டில் கண்டக்டரின் விசில் கேட்டது, முன்வரிசையில் லாசரஸ் அங்கிளின் குறட்டை கணீரென்று கேட்டது. இத்தனை நாளும் அதை உங்கள் கிட்டார்தான் மூடி வைத்திருந்திருக்கிறது. அங்கிள் இன்னும் எங்களோடு பேசவில்லை.

அந்த வாரத்திலிருந்தே பாப்பா தூங்கவில்லை. பல்லா, வயிறா, காதா, யார் கண்ணாவது பட்டதா என்று நான் நினைக்காதது இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, குழந்தை நல்லா இருக்கா, நீங்கதான் கொஞ்சம் தூங்கணும் என்று எனக்கு மாத்திரை எழுதினார். ஒரு விடிகாலையில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் ம்ம்ம் என்று ஓட ஆரம்பித்தது, அவள் தலை சாய்ந்தது. ஃப்ரிட்ஜ் நின்றது, கண் திறந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் தினமும் வாசித்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது, ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல் கிட்டாரைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்துவிட்டுத்தான் போவார். பிறந்ததிலிருந்து அவள் தூங்கியது அந்த இரைச்சலில்தான், நான் தொண்டை கட்டப் பாடிய தாலாட்டில் இல்லை. தாயாக எனக்கு அழுகை வந்தது நிஜம். ஆனாலும் அண்ணா, ஒரு சபையே முகம் சுளித்த சத்தத்துக்குள் இவள் தனக்கு ஒரு மடியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாளே என்று மலைத்துப்போய் நின்றுவிட்டேன். தொட்டிலை ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாற்றினோம். அது நிற்கும்போதெல்லாம் கதவைத் திறந்து வைத்து ஓட வைத்தேன். பால் திரிந்ததுதான் மிச்சம்.

பழைய பிக்கப்பைத் திரும்பப் போட்டால் சபையில் தலை காட்ட முடியாது, போடாவிட்டால் குழந்தை இளைத்துவிடும். கடைசியில் பர்வேஸ் பாய்தான் வழி சொன்னார். "ஒரு சின்ன சுவிட்ச் வெச்சுடலாம் மேடம். தட்டுனீங்கன்னா ஒரு சுருளு ஆஃப் ஆயிடும், பழைய எரைச்சல் வந்துரும். சர்ச்சுக்குப் போறப்ப திருப்பித் தட்டிக்குங்க." ஆனால் சுவிட்சுக்குக் கிட்டாரின் மரத்தில் ஒரு துளை போட வேண்டுமாம். பிக்கப்புக்குச் சம்மதம் சொன்னபோதே, மரத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று நீங்கள் கறாராகச் சொன்னீர்கள். உங்கள் மாப்பிள்ளையும், "மச்சான் வாயால சொல்லாம நான் ஊசிகூடக் குத்த மாட்டேன், நீ அழுதாலும் சரி" என்று உட்கார்ந்துவிட்டார். அதனால் நானே கேட்கிறேன். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். தாய்மாமனாக நின்று யோசியுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் வீட்டுத் தூக்கத்தையாவது கர்த்தர் குறைவில்லாமல் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
சுஜி

பின்குறிப்பு: துளை வியாழக்கிழமையே போட்டாயிற்று. அண்ணனிடமிருந்து மெயில் வந்துவிட்டது, சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார் என்று இவரிடம் சொல்லித்தான் போட வைத்தேன். பாப்பா என் பக்கத்தில் அசந்து தூங்குகிறாள், கிட்டார் இரைந்துகொண்டிருக்கிறது. உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி சொல்ல இவர் காலையில் உங்களுக்குப் போன் செய்யப் போகிறாராம். அதற்குள் சம்மதம் என்று ஒரு வரி பதில் போட்டுவிடுங்கள் அண்ணா, சீக்கிரம்.