லான்ட்மாஸ்டரால் மாங்காய் பிடுங்கிய கதை

கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்ததுமே அந்த வேலை தனக்கும் கைவந்துவிட்டது என்று நம்புகிற ஆட்களில் நானும் ஒருவன். (தலைவன் என்றும் சொல்லலாம்.)

அக்காவைப் பெண்பார்க்கக் கொக்குவிலில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளையைப் படத்தில் பார்த்தே பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயோ, மீசாலைக்கு வருவதே உங்கள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிடத்தான் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அந்த வருடம் மழை பூவைக் கொட்டிவிட்டதால் ஒரேயொரு கொப்பில்தான் காய். ஒரு கிழமை முன்னதாகவே பிடுங்கி வைக்கோலில் பழுக்க வைக்க வேண்டும் என்றார் அம்மா.

காய் பிடுங்கும் கொக்கத்தடியோடு வந்த அப்பாவை நான் தடுத்தேன். வெளிநாட்டுத் தோட்டம் ஒன்றில் இயந்திரம் மரத்தைப் பிடித்து உலுக்க, பழமெல்லாம் விரிப்பில் கொட்டுவதைப் பார்த்திருந்தேன். நண்பனின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை இரவல் வாங்கி, கொப்பையும் அதையும் கயிற்றால் பிணைத்தேன். கீழே அம்மாவின் சேலைகளை விரித்தேன்.

கொப்பு வளைந்ததே தவிர ஒரு காயும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். கயிறு அறுந்தது. விசுக்கென்று நிமிர்ந்த கொப்பு, காய்கள் அத்தனையையும் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பரமேசு மாமியின் வளவுக்குள் வீசியது. எங்கள் பக்கம் விழுந்தவை முசுறு எறும்புகள் மட்டும், அவையும் என் கழுத்தில்.

மாமி வீட்டோடு எங்களுக்கு வருடக்கணக்காகப் பேச்சில்லை. மதில் கட்டியபோது வந்த சண்டையில், மரம் யாருடையதானாலும் விழுந்த பக்கத்தாருக்கே காய் என்று ஊரைக் கூட்டிச் சட்டம் போட்டவர் எங்கள் அப்பா. இனி எந்த முகத்தோடு கேட்பது? அம்மா அந்தக் கிழமை முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அக்கா கதைத்தாள். அது அதைவிட மோசம்.

வந்தவர்களுக்கு வாழைப்பழம் வைத்தோம். மாப்பிள்ளையின் தாய் தட்டைப் பார்த்தார், பிறகு வெறுமையான மரத்தைப் பார்த்தார். அக்காவின் முகம் வாடியதைக் கண்டு எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அந்த நேரம் படலையைத் திறந்துகொண்டு பரமேசு மாமி வந்தார். கையில் ஒரு தாம்பாளம் நிறைய வெட்டிய மாம்பழம்.

"அடிபட்ட இடமெல்லாம் சீவிப்போட்டன். சாப்பிடுங்கோ."

மாப்பிள்ளையின் தாய் ஒரு துண்டைச் சுவைத்துவிட்டு, இது இவர்கள் மரத்துப் பழமா என்று கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"மரம் இவையின்ரை, பழம் எங்கடை," என்றார் மாமி. "பொம்பிளை ரெண்டு வீட்டுக்கும் பொது."

அப்பா எழுந்து, தன் கதிரையை மாமிக்குக் கொடுத்தார்.

கலியாணம் நடந்தது. இன்றைக்கும் மாம்பழக் காலத்தில் ஊருக்கு வந்தால் அத்தான் முதலில் நுழைவது மாமி வீட்டுக்குள்தான். ஏன் என்று கேட்டால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவார்: "நீ பிடுங்கினால் பழம் இஞ்சைதானே மச்சான் வரும்."