மார்கழிக்கு முன் வாங்கிய சாவி

சட்டம் மட்டும் தெரிந்த வக்கீலைப் போல் ஆபத்தான ஆள் கிடையாது. முதல் வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன். அகப்பட்டவர் என் சொந்த அப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். (சட்டக் கல்லூரிவரை போய்விட்டதால், இதை நாளுக்கு மூன்று முறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவேன்.) அரிமளத்தில் விவசாயம் பார்த்த அப்பா, புதுக்கோட்டை டவுனில் ஒரு பழைய ஓட்டுக் கட்டடம் வாங்கியிருந்தார். அதை இடித்து மாடி கட்ட வேண்டும், மாடியில் என் ஆபீஸ் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். தடையாக இருந்தவர், அங்கே வாடகைக்குத் தையல்கடை வைத்திருந்த கருப்பையா அண்ணன்.

அப்போது புதிதாக வந்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இடித்துக் கட்டுவதற்காக வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லலாம். ஆனால் இடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்குவதாக உரிமையாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் வாடகைக்காரர் திரும்பக் குடிவரலாம். எழுதிக் கொடுத்தோம், வாடகை அதிகாரியிடம் உத்தரவும் வாங்கினேன்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அதிகாரியின் ஆபீஸ் வாசலிலேயே கருப்பையா அண்ணனை நிறுத்தி, அந்தப் பிரிவை அவருக்குத் தமிழில் விளக்கினேன். பேருக்குச் சுவரைத் தட்டினால் போதாது, கணிசமான பகுதியை இடிக்கத் தொடங்க வேண்டும் என்பதுவரை சொன்னேன். அவர் பாடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். பிறகு, கல்யாணத் துணி நிறையத் தைக்கக் கிடக்கிறது, கார்த்திகைக் கடைசிவரை பொறுக்க முடியுமா என்றார். பெருந்தன்மையாகச் சம்மதித்தேன். (பெருந்தன்மை, ஜெயித்தவர்களுக்கு வருகிற ஒருவகைக் காய்ச்சல்.)

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது சாவி வந்தது. நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லுங்கள் என்றேன்.

"நாளைக்கு அஷ்டமி, அடுத்த நாளு நவமி. அப்பறம் மார்கழி பொறந்துருது" என்றார் அப்பா.

"அதனால என்னப்பா?"

"மார்கழியில போயி யாராச்சும் கட்டடத்துல கடப்பாரை போடுவாகளாத்தா? தை பொறக்கட்டும்."

சட்டத்தை வாசித்துக் காட்டினேன். சட்டம் எழுதினவர்கள் வீட்டிலும் மார்கழி வரும்தானே என்றார். கொத்தனாரோ, ஜெயிலில் போட்டாலும் தை ஐந்தாம் தேதிக்கு முன் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார்.

கெடு போகியன்று முடிந்தது. பழையதைக் கழிக்கிற நாள்தானே என்று வாதாடி, ஓட்டைப் பிரிக்க மட்டும் அப்பாவின் அனுமதி வாங்கினேன். வேலைக்கு ஆள் கிடைக்காததால் ஏணி போட்டு நானே ஏறினேன். ஆறு ஓடு பிரித்தேன். ஏழாவதற்கு அடியில் குளவிக்கூடு இருந்தது. நான் இறங்கினேனா, விழுந்தேனா என்பதில் சாட்சிகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

கீழே கருப்பையா அண்ணன் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டு, ஓடிப்போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து கொடுத்தார். பிறகு கூரையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு ஓடு போயிருக்கு. இது கணிசமான பகுதியில வருமாங்க, வக்கீலம்மா?"

வராது. பொங்கல் முடிந்ததும் அவரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. பெரும்பாலும் என் வார்த்தைகள். வாடகை அதிகாரி விசாரித்தபோது என் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது, பிரித்த ஓட்டின் கணக்குதான் ஆறிலேயே நின்றது. தையல் மெஷின் பழைய இடத்துக்கே திரும்பியது. அந்த ஆறு ஓட்டையும் நாங்களே மறுபடி வேய்ந்து கொடுத்தோம்.

மாடி இன்னும் எழும்பவில்லை. அப்பா என்னைத் திட்டவுமில்லை. கேஸ் ஜெயித்துவிட்டது, மாதம்தான் தோற்றுவிட்டது என்று அரிமளத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வருஷம் எனக்குக் கல்யாணம் பேசியபோது, படித்த பெண் என்று பத்திரிகை வாசகம்வரை என்னைக் கேட்டே செய்தார்கள். முகூர்த்த நாள் என்று பேச்சு எடுத்ததும் கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நீ உள்ள போயி காப்பியப் பாருத்தா. நாளு குறிக்கிறத மட்டும் படிக்காத ஆளுக பாத்துக்கிறோம்."