என் கதைசொல்லி ஒரு பொய்யன்

செய்த தப்பை ஒத்துக்கொள்வதைவிட அதற்கு ஒரு இலக்கியக் காரணம் சொல்லித் தப்பிப்பது சுலபம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அந்தக் காலம் மொத்தம் இருபது நிமிடம் நீடித்தது. இடம் திருவட்டாறு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை.

நான் ஒரு நாவல் எழுதியிருந்தேன். ரப்பர் தோட்டத்தில் குடியிருக்கும் யட்சிகள், ரத்தம், சாபம் எல்லாம் உண்டு. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி டென்னிஸ், தன் தங்கை லில்லியை யட்சிகள் கொண்டுபோய்விட்டதாக நமக்குச் சொல்கிற கதை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் போனிலேயே எழுதியது. (உட்கார இடம் கிடைத்த நாட்களில் அத்தியாயம் நீளமாக இருக்கும்.) எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கமில்லை. மேதைகள் திருத்துவதில்லை என்று யாரோ சொன்னதாக ஞாபகம். அநேகமாக நான்தான் சொல்லியிருப்பேன்.

வாசகர் கூட்டத்துக்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் என் கணவர் ஜெபின், பக்கத்தில் மாமியார். நான் பேசி முடித்ததும், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் நோட்டோடு எழுந்தார். நிலத்தை அளந்த கண்ணால் நாவலையும் அளந்திருந்தார்.

“பிள்ளே, முப்பதாம் பக்கத்துல லில்லிக்கு இடது கால்ல ஆறு விரலுன்னு டென்னிஸ் சொல்லுதான். நூத்திப்பத்துல வலது காலுன்னு சொல்லுதான். அது எப்படியாக்கும்?”

இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் என் பழைய போன் செத்துப்போய், எந்தக் கால் என்று எழுதினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது என்பதே உண்மை. ஆனால் மைக் கையில் இருந்தது.

“அது பிழையில்ல சார். டென்னிஸ் பொய் சொல்லுதான். கவனமா படிக்கிறவங்க கண்டுபிடிக்கணும்னுதான் அப்படி வச்சேன்.”

கைதட்டல்! ஜெபின் திரும்பிப் பின்வரிசையைப் பெருமையாகப் பார்த்தார். சர்வேயர் உற்சாகமாகி நோட்டைப் புரட்டினார்.

“அஞ்சாம் அத்தியாயத்துல அவனுக்க அம்மைய அடக்கம் பண்ணியாச்சு. ஒம்பதுல அவ கிழங்கு அவிக்குதாளே?”

“அதுவும் பொய்தான் சார்.”

“அப்ப யட்சி?”

“பொய்.”

“பின்ன லில்லி எங்க போனா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. நாவல் முழுவதும் யட்சிகளை நம்பியே எழுதியவள் நான். இருந்தாலும் பின்வாங்கவில்லை. “டென்னிஸ்தான் கொன்னான்” என்றேன்.

ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “அவன் பாவம்னு நான் ரெண்டு நாள் அழுதேன் மேடம்” என்று சொல்லிவிட்டு முறைத்தபடி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மாமி எழுந்தார். பேய்க்கதை என்றாலே ஜெபம் பண்ணுகிறவர், என் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் வாசித்திருந்தார். ‘என் இன்னொரு அம்மாவுக்கு’ என்று அவர் பெயர் போட்டிருந்த சமர்ப்பணப் பக்கம். அதைத் தேவாலயச் சபையில் பாதிப் பேருக்குக் காட்டியும் இருந்தார்.

“மக்கா, எனக்க பேரு போட்டிருக்க அந்தப் பக்கம்... அது நீ சொன்னதா, அந்தக் கொலைகாரன் சொன்னதா?”

சிரிப்பில் ஃபேன் சத்தமே கேட்கவில்லை. மாமி மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் என் இலக்கியம் மொத்தமும் கழன்று விழுந்தது.

“மாமி, டென்னிஸ் யாரையும் கொல்லல்ல. விரல், கிழங்கு எல்லாம் எனக்க பிழை. திரும்பப் படிக்காம அச்சுக்குக் குடுத்துட்டேன். உங்க பக்கத்த மட்டும்தான் நாலு தடவ மாத்தி எழுதினேன்.”

மாமி சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். சர்வேயர் தன் நோட்டில் குறித்துக்கொண்டிருந்த என் விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். மாணவி கைதட்டினாள், டென்னிஸுக்காக.

நாவலின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. லில்லிக்கு இப்போது இரண்டு காலிலும் ஐந்து விரல்தான். ஆனால் எங்கள் வீட்டில் நிலைமை மாறவில்லை. இன்றைக்கும் மத்தியானம் சாப்பிடும்போது, “மீன்கறி ரொம்ப நல்லா இருக்கு மாமி” என்றேன். கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மாமி கேட்டார்:

“இது ஆரு சொல்லுதது மக்கா, நீயா டென்னிஸா?”