ஒண்ணும் பண்ணாது மாமா

மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு ரகம். அடுத்தவரைச் சாப்பிட வைக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர்தான் நம் 'ஒண்ணும் பண்ணாது' மாமா. உங்கள் ஆபீசிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள்.

மாமா கணக்குப் பிரிவில் தலைமை எழுத்தர். மேஜை டிராயரை இழுத்தால் ஸ்டேப்ளருக்கு முன்னால் மஞ்சள்தூள் அடைத்த கேப்சூல் டப்பாதான் உருண்டு வரும். யாராவது தும்மினால் ஒன்று, கழுத்தைத் தேய்த்தால் ஒன்று, சும்மா கொட்டாவி விட்டாலும் ஒன்று என்று கையில் திணித்து, தண்ணீரும் ஊற்றிக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் மனிதர் நகர்வார். குணமாகுமா? "எல்லாத்தையும் அடிச்சுத் தூக்கிடும்!" கெடுதல் வருமா? "சேச்சே, இயற்கை! ஒண்ணும் பண்ணாது." எல்லாம் பண்ணுகிற பொருள் எப்படி ஐயா ஒன்றும் பண்ணாமல் இருக்கும்? கேட்டுவிடாதீர்கள். இரண்டாகக் கொடுத்துவிடுவார்.

மாட்டியவர் மச்சான். மாமியின் ஒரே தம்பி, தையல்காரர். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். மிஷின் மிதித்து முழங்கால் வலிக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். போதாதா? டப்பாவையே கொடுத்துவிட்டார் மாமா.

ஒரு நாள் காலையில் மச்சானுக்கு மூக்கில் வழிந்த ரத்தம் நிற்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் பஞ்சு மேல் பஞ்சாக வைத்தும் நனைந்துகொண்டே இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. மாமா வார்டுக்கும் வாசலுக்குமாக ஓடினார். பாவம், மச்சான் மேல் அவருக்கு உயிர்.

"ரத்தம் உறையவே மாட்டேங்குதே. வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்றார் டாக்டர்.

"சத்தியமா இல்ல டாக்டர்!" என்றார் மாமா.

பொய்யில்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லையே! டாக்டர் மறுபடி கேட்டார். மாமா மறுபடி சத்தியம் செய்தார். மாமிக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் பையைக் குடைந்து டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"அப்ப இது என்னங்க, மிட்டாயா?"

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சமையல்ல போடற சிட்டிகை வேற, இது வேற சார். அந்த மாத்திரையோட இதுவும் சேர்ந்தா ரத்தம் எப்படி நிக்கும்? முதல்லயே சொல்ல மாட்டீங்களா?"

அப்புறம்தான் அதற்கேற்ற வைத்தியம் நடந்தது. மச்சான் பிழைத்தார். மாமா வராந்தாவில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் யாரோ இருமினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மஞ்சள் வேணாம். எங்கிட்ட பூண்டு கேப்சூல் இருக்கு."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன தடவை டாக்டர் உங்களிடம் இதே கேள்வியைக் கேட்டபோது, அலமாரியிலிருக்கும் அந்த டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா?